குடும்ப வைத்தியருக்குத் துணை செய்வோம்

கூட்டுறவுச் சங்கத்தின் மாத ஏட்டில் நோயைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நூல் விலை, கூலி நிர்ணயம், பயிர்க் கடன், விதை வினியோகம் ஆகியவற்றுக்கே பக்கங்கள் போதவில்லையே என்றும் சொல்லக்கூடும். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது. பாவு தோய்ப்பதும் தார் சுற்றுவதும் நாற்று நடுவதும் களை எடுப்பதும் நம் இல்லத்துப் பெண்களின் கைகளே. அக்கைகள் ஓய்ந்தால் தறியும் ஓய்கிறது, வயலும் ஓய்கிறது. காலங்கடந்து கண்டறியப்பட்ட ஒரு நோய்க்காக விற்கப்பட்ட தறிகளும் அடகுக்குப் போன நகைகளும் ஒவ்வொரு சங்கத்தின் கணக்கிலும் தவணை தவறிய கடன்களாக நிற்கின்றன. ஆகவே உடல்நலம் சங்கத்திற்குப் புறம்பான பொருளன்று.

இம்மாதம் நாம் எடுத்துக்கொள்வது சினைப்பைப் புற்றுநோய். ஓவரி என்று டாக்டர்கள் வழங்கும் சினைப்பைகள் இரண்டு. கருப்பையின் இருபுறமும் அடிவயிற்றின் ஆழத்தில் வாதுமைப் பருப்பின் அளவில் அமைந்துள்ளன. அவற்றிலோ, அவற்றை ஒட்டிய கருக்குழாயின் நுனியிலோ இந்நோய் தோன்றுகிறது. வயிற்றின் உட்பகுதி விரிந்த இடமாதலால் கட்டி வளர்வதற்கு அங்கே தடையில்லை. வெளியே கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே நோயணுக்கள் உதிர்ந்து வயிற்றுறையின்மேல் படிந்துவிடக்கூடும். நீரும் சேரத் தொடங்கும். 2022ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி நம் நாட்டில் அவ்வாண்டு ஏறக்குறைய 47 ஆயிரம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. ஏறக்குறைய 33 ஆயிரம் பேர் இதனால் மாண்டனர்.

இந்நோயை ‘ஓசையின்றிக் கொல்லும் நோய்’ என்று நெடுங்காலம் அழைத்து வந்தனர். அப்பெயர் பொருத்தமன்று என்பதே நமது முதற் கருத்து. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பார்பரா காஃப் என்னும் பெண் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இந்நோய் கண்ட 1,725 பெண்களிடம் விசாரித்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோய் கண்டறியப்படுவதற்கு முன் எந்தத் தொல்லையும் இல்லை என்று கூறியவர்கள் நூற்றுக்கு ஐவரே. மற்ற 95 பேருக்கும் வயிற்று உப்புசம், வலி, செரிமானக் குறை, சிறுநீர்த் தொல்லை, அசதி என்று ஏதேனும் ஒன்று இருந்திருக்கிறது. நோய் பேசாமல் இருக்கவில்லை. அது பேசிய மொழி மிகச் சாதாரணமாக இருந்தமையால் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

அச்சாதாரண மொழி நம் வீடுகளில் எவ்வாறு கேட்கப்படுகிறது என்று எண்ணிப் பார்ப்போம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தாய், “வயிறு கல் மாதிரி இருக்கிறது, இரண்டு வாய் உண்டாலே நிறைந்துவிடுகிறது” என்கிறாள். வாயு என்று சுக்கும் ஓமமும் கொடுக்கிறோம். பின்பு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். அதிலும் குணமில்லையென்றால் டாக்டரிடம் போகிறாள். அவர் அமிலத்தைத் தணிக்கும் மருந்து தருகிறார். சில நாள் தணிந்தது போல் இருக்கிறது. மீண்டும் தொல்லை வந்ததும், “அந்த டாக்டர் கைராசி இல்லை” என்று வேறொருவரிடம் போகிறாள். அவரும் முதலிலிருந்தே தொடங்குகிறார். மாதவிடாய் நிற்கும் காலமாகையால் இதெல்லாம் இருக்கும் என்று அண்டை வீட்டார் ஆறுதல் சொல்கின்றனர். சேலை இடுப்பில் இறுகுவதைக் கண்டு, உடம்பு பெருத்துவிட்டது என்று நாம் சிரிக்கவும் செய்கிறோம். இவ்வாறு ஆறு மாதமோ எட்டு மாதமோ கழிகிறது.

இதில் குற்றவாளி என்று ஒருவரைச் சுட்டுவதற்கில்லை. குடும்ப வைத்தியரின் நிலையையும் நாம் நேர்மையாக நோக்க வேண்டும். இங்கிலாந்து நாட்டில் ஒரு குடும்ப வைத்தியர் சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறைதான் புதிய சினைப்பைப் புற்றுநோயைக் காண்கிறார் என்று கணக்கிட்டுள்ளனர். ஆனால் வயிற்று உப்புசம் என்று வருவோரை அவர் நாள்தோறும் காண்கிறார். நூற்றுக்கணக்கான சாதாரண வயிறுகளுக்கு நடுவே ஒரே ஒரு அபாயமான வயிற்றை இனங்காண்பது எளிதன்று. கை வைத்துப் பார்த்தாலும் தொடக்கத்தில் ஒன்றும் தட்டுப்படாது. எனவே டாக்டரைக் குறை கூறுவதால் பயனில்லை. அவருக்குத் தெளிவான நெறியும், நோயாளியிடமிருந்து சரியான செய்தியும், விரைவான சோதனை வசதியும், பின்னர் முடிவும் கிடைக்குமாறு செய்வதே பயனுள்ள வழி.

இங்கிலாந்தில் இதற்கு வழி வகுத்த விதம் நாம் அறிந்துகொள்ளத் தக்கது. அங்கே டெவன் மாவட்டத்தில் 39 குடும்ப வைத்திய நிலையங்களின் ஏடுகளை வில்லியம் ஹாமில்டன் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் புரட்டிப் பார்த்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 40 வயதைக் கடந்து இந்நோய்க்கு ஆளான 212 பெண்களின் குறிப்புகளையும், நோயில்லாத 1,060 பெண்களின் குறிப்புகளையும் ஒப்பிட்டனர். நோயாளிகளுள் நூற்றுக்கு 85 பேர் நோய் உறுதியாவதற்கு முன்பே முக்கியமான அறிகுறி ஒன்றையேனும் தம் டாக்டரிடம் கூறியிருந்தனர். நோயில்லாதவர்களுள் அவ்வாறு கூறியவர் நூற்றுக்கு 15 பேரே. செய்தி டாக்டரின் மேசை வரை வந்திருக்கிறது, ஏட்டிலும் பதிந்திருக்கிறது. அதற்குப் பொருள் காணும் வழிதான் வகுக்கப்படாமல் இருந்தது.

இதே ஆய்வில் அச்சத்தைத் தணிக்கும் செய்தியும் உண்டு. தொடர்ந்து வயிறு பெருத்திருக்கிறது என்று டாக்டரிடம் சொன்ன பெண்களுள்கூட நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கே இந்நோய் இருக்கக்கூடும் என்று கணக்கிட்டனர். மற்ற அறிகுறிகள் தனித்து நின்றால் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவே. ஆகவே வயிறு உப்பிய ஒவ்வொருவரும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டுவதில்லை. அந்த இரண்டு மூன்று பேரைத் தவறவிடாமல் இருக்க ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

அவ்வொழுங்கை நைஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்நாட்டு மருத்துவ நெறி நிறுவனம் 2011 ஏப்ரலில் வகுத்தளித்தது. நான்கு அறிகுறிகளைக் குடும்ப வைத்தியர்கள் மனத்தில் இருத்த வேண்டும் என்று அது கூறிற்று. முதலாவது, விட்டு நீங்காத வயிற்று உப்புசம் அல்லது வயிறு பெருத்தல். இரண்டாவது, சிறிது உண்டதும் வயிறு நிறைதல் அல்லது பசியின்மை. மூன்றாவது, அடிவயிற்றிலோ வயிற்றிலோ வலி. நான்காவது, சிறுநீர் அடிக்கடி கழித்தல் அல்லது அடக்க இயலாத அவசரம். இவை எப்போதோ வந்து போவதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஒரு மாதத்தில் 12 முறைக்கு மேல் வருமானால், அதுவும் அப்பெண் 50 வயதை எட்டியவராக இருந்தால், சோதித்துப் பார்த்துவிட வேண்டும். காரணமின்றி மெலிதல், அசதி, மலங்கழிக்கும் வழக்கத்தில் மாறுதல் ஆகியவற்றையும் கவனிக்க வேண்டும் என்றது.

மற்றொரு கூரிய குறிப்பும் அந்நெறியில் உண்டு. குடல் எரிச்சல் நோய் என்று ஒன்று உண்டல்லவா? உப்புசமும் வலியும் தரும் அந்நோய் ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தோன்றுவது அரிது. ஆகவே அவ்வயதுப் பெண்ணுக்கு அத்தகைய தொல்லை புதிதாக வந்தால், குடல் எரிச்சல் என்று முடிவு கட்டுமுன் சினைப்பையையும் சோதிக்க வேண்டும் என்று அது டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது.

சோதனை என்பது பெரும் காரியமன்று. முதலில் சி.ஏ. 125 என்னும் இரத்தப் பரிசோதனை. அதன் அளவு 35 அலகோ அதற்கு மேலோ இருந்தால் வயிற்றுக்கும் இடுப்புக்கும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன். அதிலும் சந்தேகம் எழுந்தால் உடனே நிபுணரிடம் அனுப்புதல். டாக்டர் கை வைத்துப் பார்க்கும்போதே கட்டியோ வயிற்றில் நீரோ தென்பட்டால், இரத்தச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் நேரே நிபுணரிடம் அனுப்பிவிட வேண்டும்.

இச்சோதனையின் வலிமையையும் குறையையும் அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்கள் இச்சோதனை செய்வித்த 50,780 பெண்களைப் பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுள் அளவு கூடியிருந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு இந்நோய் இருந்தது. 50 வயதுக்குக் குறைந்தவர்களில் அது நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேரே. கருப்பைக் கட்டி, கருப்பை உட்சவ்வு இடம் மாறி வளர்தல், கல்லீரல் நோய் முதலியவற்றிலும் இவ்வளவு கூடும். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயை மறக்கலாகாது. வயிற்றில் நீர் கோத்து, இரத்த அளவும் கூடி, இந்நோயைப் போன்றே அது வேடமிடும். காசநோய்க்கோ மருந்தே போதும். எனவே அளவு கூடியது என்பது தீர்ப்பன்று, மேலும் விசாரிக்க வேண்டும் என்னும் அறிவிப்பே.

அவ்வாறே அளவு குறைந்திருப்பதும் விடுதலைப் பத்திரமன்று. மேற்கூறிய ஆய்வில் நோயிருந்த பெண்களுள் நூற்றுக்கு 23 பேருக்கு அளவு 35க்குக் குறைவாகவே இருந்தது. இதனால்தான், சோதனை சரியாக இருந்தாலும் தொல்லை நீங்காவிடில் மீண்டும் வருமாறு டாக்டர் சொல்லியனுப்ப வேண்டும் என்று நெறி வகுத்தார்கள். “ஒன்றுமில்லை, போய் வாருங்கள்” என்பதற்கும், “இப்போது ஒன்றும் தெரியவில்லை, தொல்லை நீடித்தால் இத்தனை நாளில் திரும்ப வாருங்கள்” என்பதற்கும் மலையளவு வேறுபாடு உண்டு. பின்னதைக் கேட்ட பெண் திரும்பி வரத் தயங்கமாட்டாள். முன்னதைக் கேட்டவள், டாக்டரே ஒன்றுமில்லை என்றாரே என்று வாய் மூடிக் கிடப்பாள்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். இவ்வளவு சிக்கல் எதற்கு? எல்லாப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் இரத்தச் சோதனையும் ஸ்கேனும் செய்துவிட்டால் என்ன? இதையும் முயன்று பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 78,216 பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. ஆண்டுதோறும் சோதித்ததால் இறப்பு குறையவில்லை. நோயில்லாமலே சந்தேகத்திற்கு ஆளான 3,285 பெண்களுள் 1,080 பேர் அறுவைக்கு உட்பட்டனர், அவர்களுள் 163 பேருக்குக் கடுமையான கேடு ஏதேனும் விளைந்தது. பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை 202,638 பெண்களைச் சேர்த்து நடத்திய ஆய்வின் இறுதி முடிவு 2021இல் வெளியாயிற்று. ஒரு முறையில் நோய் சற்று முன்னதாகவே பிடிபட்டது. எனினும் இறந்தோர் தொகை குறைந்ததாகத் தெரியவில்லை.

விவசாய அன்பர்களுக்கு இது விளங்காத செய்தியன்று. பூச்சி இருக்கிறதோ இல்லையோ, மாதந்தோறும் வயல் முழுவதும் மருந்தடித்தால் காசும் போகும், நன்மை செய்யும் பூச்சிகளும் மடியும். வரப்பில் நின்று பார்த்து எல்லாம் பச்சையாக இருக்கிறது என்று திரும்பிவிடுவதும் பிழை. புகையான் தண்டின் அடியில் இருக்கும். பயிரை விலக்கித் தூரைப் பார்ப்பவனுக்கே அது தெரியும். அறிகுறி கண்ட இடத்தில் விலக்கிப் பார்ப்பதுதான் குடும்ப வைத்தியரிடம் நாம் வேண்டுவது.

அறிகுறி தோன்றிய பிறகு பார்த்தால் காலங்கடந்து போயிருக்காதா என்பது அடுத்த ஐயம். சிலருக்கு அவ்வாறு நேர்கிறது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. இந்நோயில் விரைந்து பரவும் வகை உண்டு. ஆயினும் பிரிட்டனில் அறிகுறிகளுக்காக விரைவு வழியில் அனுப்பப்பட்ட பெண்களைக் கவனித்த ஓர் ஆய்வு அண்மையில் வெளிவந்துள்ளது. விரைந்து பரவும் வகை கண்ட 119 பேருள் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் முதல் அல்லது இரண்டாம் நிலையிலேயே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோருக்குக் கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் அறுத்தெடுக்க முடிந்தது. கட்டி மிச்சமின்றி எடுக்கப்படுவதே இந்நோயில் ஆயுளை நீட்டிக்கும் முக்கியமான காரணம். இவ்வழியால் இறப்பு இவ்வளவு குறைந்தது என்று இதை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆயினும் வயிறு நிறைய நீருடன், மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரப் பிரிவில் கொண்டு சேர்க்கப்படுவதைவிட, தன் காலால் நடந்து சென்று சிகிச்சை பெறுவது மேலானது என்பதில் ஐயமில்லை. இங்கிலாந்தின் கணக்குப்படி முதல் நிலையில் கண்டறியப்பட்டோருள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கின்றனர். நான்காம் நிலையிலோ அத்தொகை நூற்றுக்கு 20க்கும் குறைவு.

நிற்க. அயல்நாட்டு ஒழுங்கை நம் ஊரில் அப்படியே நட்டுவிட முடியுமா? முடியாது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்திய நிலையத்தில் பெயர் பதிந்திருப்பர். அவர் எத்தனை முறை வந்தார், எதற்காக வந்தார் என்பது அனைத்தும் ஒரே ஏட்டில் இருக்கும். மூன்றாம் முறை உப்புசம் என்று வரும்போது முந்திய இருமுறையும் டாக்டரின் கண்முன் நிற்கும். நமக்கோ அத்தகைய ஏடில்லை. ஒரு டாக்டரின் சீட்டு அரிசிப் பானைக்குப் பின்னாலும் மற்றொருவரின் சீட்டு பஸ் டிக்கெட்டோடும் போய்விடுகின்றன. ஒவ்வொரு டாக்டரும் நம்மை முதல் நாளாகவே பார்க்கிறார். நம் ஊர் டாக்டருக்கு அறிவு குறைவு என்பதன்று நமது குறை. ஐந்து டாக்டர்கள் ஆளுக்கு ஒரு துண்டாகக் கண்டதை ஒன்று சேர்த்துப் பார்க்க ஒருவருமில்லை என்பதே குறை.

அரசின் சோதனைத் திட்டமும் இவ்விடத்தை நிரப்பவில்லை. 2016இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை, வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று இடத்துப் புற்றுநோய்களுக்கே ஊர்தோறும் சோதனை செய்யப் பணித்தது. அவற்றில் சோதனை பயன் தருமாதலால் அது சரியான செயலே. ஆனால் கருப்பைவாய்ச் சோதனை செய்துகொண்ட பெண்கள் பலர், அடிவயிறு முழுவதையும் பார்த்தாயிற்று என்று எண்ணிக்கொள்கின்றனர். அச்சோதனை சினைப்பையைக் காட்டாது. அவ்வாறே கருப்பையை எடுத்துவிட்டவர்களும், இனி அப்பகுதியில் நோய் வர இடமில்லை என்று நம்புகின்றனர். கருப்பையை எடுக்கும்போது சினைப்பைகளை விட்டுவைப்பது உண்டு. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையிலும் சினைப்பைகள் அப்படியே இருக்கும். இச்செய்திகளை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். தனக்கு எடுக்கப்பட்டவை எவை என்று அறுவை செய்த ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

எனவே அரசும் டாக்டர்களும் செய்ய வேண்டுவன ஒருபுறமிருக்க, சங்கங்கள் செய்யக்கூடியவை ஐந்து என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, குறிப்புச் சீட்டு. நான்கு அறிகுறிகளையும், ‘மாதத்தில் 12 முறைக்கு மேல்’ என்னும் அளவையும் தெளிவான தமிழில் அச்சிட்டு, பாஸ் புத்தகத்துடன் ஒவ்வொரு அங்கத்தினர் வீட்டுக்கும் அளிக்க வேண்டும். சீட்டின் பின்புறம் மாதத்திற்குரிய 30 கட்டங்கள் இருக்கட்டும். தொல்லையுள்ள நாளில் ஒரு கோடு போட்டால் போதும். எழுதப் படிக்க அறியாதவரும் இதைச் செய்யலாம். “கொஞ்ச நாளாக வயிறு சரியில்லை” என்று சொல்வதற்கும், பதினாறு கோடுகள் போட்ட சீட்டை மேசைமேல் வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த டாக்டரும் அறிவார். பாவு நூலில் இழை அறுந்தால் தறியை நிறுத்தி உடனே முடிச்சுப் போடுபவர்கள் நாம். உடம்பிலும் அறுந்த இழையைக் கண்ட அன்றே காட்டப் பழக வேண்டும்.

இரண்டாவது, ஒரே கட்டு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்து, டாக்டர் சீட்டு, இரத்தச் சோதனை, ஸ்கேன் முடிவு எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும். டாக்டரை மாற்றினாலும் கோப்பை மாற்றலாகாது. தாய், சகோதரி, மகள், தந்தைவழி அத்தை, பாட்டி ஆகியோருள் எவருக்கேனும் சினைப்பையிலோ மார்பகத்திலோ புற்றுநோய் இருந்ததா என்பதையும் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். பி.ஆர்.சி.ஏ. என்று வழங்கும் மரபணுக்களின் பழுது தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் இறங்கக்கூடியது. அத்தகைய குடும்பத்துப் பெண்களுக்கு டாக்டர் கூறும் ஆலோசனை வேறாக இருக்கும். வெட்கப்பட்டு மறைத்த குடும்பச் செய்தியால் அடுத்த தலைமுறை துன்புறலாகாது.

மூன்றாவது, டாக்டர்களின் கூட்டம். நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடுகிறோம். கொடியேற்றமும் சொற்பொழிவும் நடக்கின்றன. அவ்வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, வட்டாரத்தில் உள்ள டாக்டர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்கள், மருந்துக் கடைக்காரர்கள் ஆகியோரை அழைத்து, நகரத்துப் புற்றுநோய் நிபுணர் ஒருவரைக் கொண்டு பேசச் செய்யலாம். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் நிலையத்தைப் பெற்றுள்ள மாநிலம் நம்முடையது. நிபுணர்களுக்கு நம்மிடம் குறைவில்லை. அவர்களுக்கும் ஊர் டாக்டருக்கும் இடையே பாலம் அமைப்பதே வேண்டுவது. மருந்துக் கடைக்காரரை அழைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஒரே பெண் மூன்றாவது முறையாக வாயு மாத்திரை கேட்டு வருவதை முதலில் அறிபவர் அவரே.

நான்காவது, முதற்செலவுக்குக் கைகொடுத்தல். பெருநோய் என்று உறுதியான பின் அரசின் காப்பீடும் பெரிய ஆஸ்பத்திரியும் துணை நிற்கின்றன. உறுதியாவதற்கு முன் ஆகும் செலவு பெரும்பாலும் கைக்காசே. பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, துணைக்கு வருபவரின் கூலி, ஸ்கேன் செலவு என்று எண்ணி, அடுத்த சந்தை போகட்டும், அறுவடை முடியட்டும் என்று பெண்கள் தள்ளிப் போடுகின்றனர். விதிகள் இடங்கொடுக்கும் அளவில் பொது நல நிதியிலிருந்தோ, இல்லையேல் சிறு கைமாற்றுக் கடனாகவோ, டாக்டர் சீட்டைக் காட்டிய அன்றே இதற்குப் பணம் வழங்க நிர்வாகக் குழுக்கள் தீர்மானம் இயற்றலாம். காலங்கடந்து வரும் பெருங்கடனைவிட இது சங்கத்திற்கும் நலம்.

ஐந்தாவது, முடிவைத் திருப்பித் தெரிவித்தல். வாயு என்று தாம் மருந்து கொடுத்தனுப்பிய பெண்ணுக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பது ஊர் டாக்டருக்குத் தெரிய வருவதேயில்லை. தெரியாதபோது அடுத்த பெண்ணுக்கும் அதே மருந்தையே கொடுப்பார். நகரத்து ஆஸ்பத்திரியில் நோய் உறுதியானால், வீட்டார் கோபத்தோடு அன்று, பணிவோடு அந்தச் சீட்டின் நகலை ஊர் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நல்ல டாக்டர் இதை அவமதிப்பாகக் கொள்ளமாட்டார். ஐந்தாண்டுக்கு ஒருமுறை காணும் நோயைப் பற்றி அவர் கற்றுக்கொள்ள இதைக் காட்டிலும் சிறந்த பாடம் கிடையாது.

இத்துடன் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஸ்கேனில் சந்தேகத்திற்குரிய கட்டி தெரிந்ததும், அருகிலுள்ள சிறு ஆஸ்பத்திரியிலேயே அவசரமாக வயிற்றைத் திறந்துவிட இசையலாகாது. சினைப்பைப் புற்றுநோய் அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற நிபுணர் உள்ள இடத்தில் முதல் அறுவை நடப்பதே முறை. கட்டி உடைந்து சிதறினாலும், பாதி எடுத்து மூடப்பட்டாலும், பின்னர் சரிசெய்வது கடினம். சில நாள் தாமதித்தாலும் சரியான இடத்திற்குச் செல்வதே நன்று.

சங்கங்கள் மருத்துவத்தில் இறங்குவது வரம்பு மீறிய செயல் என்று நினைப்போருக்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களான விவசாயிகளுக்கென யஷஸ்வினி என்னும் மருத்துவத் திட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. அறுவைச் சிகிச்சைச் செலவைச் சிறு சந்தாவால் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. கேரளத்தில் கோழிக்கோட்டு நகரக் கூட்டுறவு வங்கி ஒன்றின் முயற்சியால் எம்.வி.ஆர். புற்றுநோய் மருத்துவ நிலையம் தோன்றி 2017இல் பணி தொடங்கிற்று. அவர்கள் ஆஸ்பத்திரியையே கட்டினார்கள். நாம் கேட்பதோ ஒரு சீட்டும், ஒரு மாலைக் கூட்டமும், ஒரு சிறு கடனுமே.

பெண்களை வீணே அஞ்சச் செய்கிறோம் என்று சிலர் கூறலாம். அச்சத்தை விளைப்பது அரைகுறை அறிவு. நான்கு அறிகுறி, பன்னிரண்டு முறை, இரண்டு சோதனை, நீங்காவிடில் மீண்டும் வருதல் என்று தெளிவாகச் சொல்லப்பட்ட பெண்ணுக்கு எப்போது கவலைப்பட வேண்டும் என்பதோடு எப்போது கவலைப்பட வேண்டுவதில்லை என்பதும் தெரியும். விருந்துண்ட மறுநாள் உப்பிய வயிற்றைக் கண்டு அவள் கலங்கமாட்டாள். மாதம் முழுதும் உப்பிய வயிற்றை மறைக்கவும்மாட்டாள்.

இறுதியாக, சங்கத்து ஆடவர்களுக்கு ஒரு சொல். பெண்கள் தம் தொல்லையைச் சொல்லத் தயங்குகிறார்கள் என்று நாம் பேசுகிறோம். சொன்னபோது நாம் எத்தனை முறை கேட்டோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவியோ தாயோ தட்டில் பாதிச் சோற்றை வைத்து எழுவது சில வாரமாகத் தொடர்ந்தால், அதைக் கவனித்து உடன் அழைத்துச் செல்லும் பொறுப்பு நம்முடையது. இச்செய்தியை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு சங்கத் தலைவர்களையும் காரியதரிசிகளையும் கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் எல்லோருக்காகவும், எல்லோரும் ஒருவருக்காகவும் என்பது நம் இயக்கத்தின் கொள்கை. அந்த ‘ஒருவர்’ நம் வீட்டு அடுப்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்ணும்தான்.